எதில் வரைவது?

வாசகரே, உங்களுக்கு இன்று ஓர் இனத்தை அறிமுகப்படுத்த வேண்டும். இந்த இனத்துக்குத் தேர்வாளர் என்று பெயர். தேடிப் பிடிக்கக் காட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. கையில் போனும் போனில் டேட்டாவும் உள்ள எந்த ஊரிலும் இவர் வாழ்வார், பெருகுவார். செருப்பு வாங்கப் புறப்பட்டால் செருப்பின் அடிப்பாகம் எந்த ரப்பர், அந்த ரப்பர் எந்த நாட்டுப் பால், அதே ரப்பரில் வேறு கம்பெனி என்ன விலைக்குத் தருகிறது என்றெல்லாம் விசாரித்து, அதற்குள் மழைக்காலம் வந்துவிட, இனி செருப்பு எதற்கு, காலை மூடும் சப்பாத்தைப் பற்றி விசாரிப்போம் என்று வெறுங்காலோடு வீடு திரும்புகிறவர் இவர். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். தேர்வாளருக்கு ஏது தூக்கம்?

வேலை மீது வெறுப்பா என்றால் அதுவும் இல்லை. வேலையை அவர் உயிராக மதிக்கிறார். அதனால்தான் சரியான கருவி கையில் இல்லாமல் அதைத் தொட்டு அசிங்கப்படுத்த மனம் வருவதில்லை. 'இன்னும் கொஞ்சம் பாத்துட்டு முடிவெடுப்போம்' என்பது இவருடைய தேசிய கீதம்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் கஹவத்தை கடைத்தெருவில், சிறிபால முதலாளியின் பேக்கரிக்குப் பக்கத்துப் படியில் ஏறி மேலே வாருங்கள். மீன் வைத்த மாலு பாண் வாசனை கூடவே ஏறிவரும். 'ஜனா டிசைன்ஸ்: வீட்டு வரைபடம், கட்டட வடிவமைப்பு' என்று நீலப் பலகை தொங்கும். உள்ளே ஒரு மேசை, பெரிய திரையுள்ள கணினி, அதன் முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஜனார்த்தனன்.

ஜனார்த்தனன் சாதாரண ஆள் இல்லை. கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இரத்தினபுரித் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து, கொழும்பில் பெயர்போன கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் பல வருடம் வரைந்தவர். ஹோட்டல் வரைந்திருக்கிறார், ஆஸ்பத்திரி வரைந்திருக்கிறார். மாடிப்படி என்று வந்தால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் கதிரையைத் திருப்பி ஜனாவைத்தான் பார்ப்பார்கள். மனைவி பிரஷாந்தினி தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. கல்யாணமானதிலிருந்து குடும்ப வாழ்க்கை என்பது வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவதாகவே இருந்தது. ஒரு தடவை அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சின்ன மகள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துக்கு வந்த விருந்தாளியை வரவேற்பதுபோல 'வணக்கம்' சொன்னாள். அன்றே முடிவெடுத்தார்: கொழும்பு போதும். ஊரிலேயே, சொந்தமாக.

தேர்வாளர் ஒருவர் இவ்வளவு பெரிய முடிவை ஒரே மூச்சில் எடுத்தாரா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். எடுத்தார். ஆனால் அந்த ஒன்றோடு கையிருப்பிலிருந்த முடிவெல்லாம் தீர்ந்துபோயிற்று.

அறை பிடித்தார், கணினி வாங்கினார், பலகை மாட்டினார். அடுத்தது வரைவதற்கான மென்பொருள். கொழும்பில் பயன்படுத்தியது கம்பெனிச் சொத்து. தனியாளாக அதற்கு வருடச் சந்தா கட்டுவதென்றால் பேக்கரியையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துவிடலாம். எதிர்க்கடையில் போன் திருத்தும் அப்துல் ரஸாக் பெருந்தன்மையோடு முன்வந்தார்.

"ஏன் சுத்தி வளைக்கிறீங்க? அந்தப் பெரியதையே பூட்டை ஒடச்சுப் போட்டுத் தாறேன். ஊரே அப்பிடித்தான் ஓடுது."

"வேணாம் ரஸாக். திருட்டுச் சாமான்ல படம் வரைஞ்சு அதுக்குக் கீழ என் பேரைப் போடுறதா? நாளைக்கு என் மக கேட்டா என்ன சொல்றது?"

பார்த்தீர்களா, மனிதர் நேர்மையானவர். கட்டுப்படியாகிற விலையில், முறையாகக் கிடைக்கிற ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டது முழுக்க நியாயமான காரியம். தேடலாம். தேடத்தான் வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல்.

முதலில் அகப்பட்டது சின்னதாக, சாதுவாக, விலை மலிவாக ஒன்று. ஒரே தடவை பணம் கட்டினால் ஆயுசுக்கும் நமக்கே. அதற்கு 'குட்டி' என்று செல்லப் பெயர் வைத்தார். ஆனால் குட்டியில் அம்புக்குறியின் பருமனை இஷ்டம்போல மாற்ற முடியவில்லை. வேண்டாம். அடுத்தது முற்றிலும் இலவசம்; உலகத்திலுள்ள நல்லவர்கள் சேர்ந்து எழுதியது. அதற்குத் 'தர்மம்' என்று பெயர். தர்மம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பொத்தான்களின் படங்கள் பிள்ளைகளின் சித்திரக் கொப்பி மாதிரி இருந்தன. வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்? பிறகு 'ஜெர்மன்காரன்'. கண்டிப்பான ஆள், கோடு எல்லாம் கத்தி மாதிரி விழும், ஆனால் அடி, அங்குலத்தை ஏற்றுக்கொள்ளாமல் மீட்டரிலேயே பேசுவான். பிறகு இணையத்திலேயே ஓடுகிற ஒன்று. மழை பெய்தால் கஹவத்தையில் சிக்னல் போய்விடும். இரத்தினபுரி மாவட்டத்தில் மழை பெய்யாத நாள் எது? அதுவும் கழிந்தது.

பெரும்பாலானவற்றுக்கு முப்பது நாள் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கும் வசதி உண்டு. நீங்களும் நானும் அந்த முப்பது நாளில் என்ன செய்வோம்? ஒரு அறையையாவது வரைந்து பார்ப்போம். ஜனார்த்தனன் அப்படி அவசரப்படுகிறவரா? முதலில் பின்புலத்தைக் கறுப்பாக்குவார். சாதாரணக் கறுப்பு கண்ணை உறுத்தும் என்று கொஞ்சம் நீலம் கலந்த கறுப்பு. பிறகு சுவருக்கு ஒரு நிறம், கதவுக்கு ஒரு நிறம், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு நிறம் என்று கோடுகளுக்கெல்லாம் வர்ணம் ஒதுக்குவார். அதன்பின் காகிதத்தின் வலது கீழ் மூலையில் வருமே, படம் வரைந்தவர் பெயர், திகதி, அளவுத்திட்டமெல்லாம் எழுதுகிற பெட்டி, அதை வரைவார். அந்தப் பெட்டியின் அழகை எழுத்தில் சொல்ல முடியாது. இரட்டைக் கோட்டு விளிம்பு, ஒரு தேயிலைக் கொழுந்து முத்திரை, 'வரைந்தவர்: ஜ. ஜனார்த்தனன்' என்று நேர்த்தியான எழுத்து. பெட்டி முடிகிற நேரத்தில் முப்பது நாளும் முடிந்து, 'பணம் கட்டுகிறீர்களா?' என்று திரை கேட்கும். வேறொன்றைப் பார்க்கத் தொடங்குவார். அதிலும் ஒரு பெட்டி. சபரகமுவ மாகாணத்திலேயே மிக அழகான பெயர்ப்பெட்டிகள் அந்தக் கணினியில்தான் இருந்தன. பெட்டிக்கு மேலே வீடு இல்லை, அவ்வளவுதான்.

வீடு கேட்டு ஒருவர் வராமலும் இல்லை. கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருக்கும், ஊரே அண்ணன் முறையில் 'நாநா' என்று அழைக்கும் ஜமால்தீன்தான் முதல் ஆள். மகள் றிப்தாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். மருமகன் வந்து குடியிருக்கக் கடைக்குப் பின்னாலுள்ள சரிவு நிலத்தில் ஒரு மாடிவீடு கட்ட வேண்டும். பிரதேச சபை அனுமதி தர வேண்டுமென்றால் முறையான வரைபடம் வேண்டும்.

"கலியாணத்துக்கு முந்தி வீடு முடியணும் தம்பி. கொழும்பில பெரிய பெரிய கட்டடம் வரஞ்ச புள்ள நீங்க. ஒங்களுக்கு இது கைத்தூசி."

"ஒண்ணும் யோசிக்காதீங்க நாநா. சொப்ட்வெயார் மட்டும் இந்த வாரம் முடிவாயிரும். முடிவான கையோட ஒங்க வீடுதான்."

நாநா ஒரு வாரம் கழித்து வந்தார். இன்னொரு வாரம் கழித்து வந்தார். வருகிற ஒவ்வொரு தடவையும் ஜனார்த்தனன் தன் கதிரையிலேயே உட்காரவைத்து, கீழேயிருந்து பிளேன்டீ வரவழைத்து, திரையைத் திருப்பிக் காட்டுவார்.

"இங்க பாருங்க நாநா, ஒங்க பேரு எப்பிடி வந்திருக்குன்னு. 'உரிமையாளர்: ஜனாப் ஜமால்தீன்.'"

"மாஷா அல்லாஹ், நல்லா ஈக்கிது. வீடு எங்க தம்பி?"

"வீடு இதுக்கு மேல வரும்."

நாநா அந்த வெற்றிடத்தை உற்றுப் பார்ப்பார். நீலம் கலந்த கறுப்பு. அமாவாசை வானம்போல விரிந்து கிடக்கும். பொறுமைசாலி, புடைவைக் கடைக்காரருக்குப் பொறுமை தொழில் மூலதனம். ஒரு சேலைக்கு நூறு சேலை விரித்துப் போட்டு, 'அந்த ரோஸ் கலரையே இன்னொருக்கா காட்டுங்க' என்று கேட்கிற வாடிக்கையாளரை எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! ஆனால் அவர்களும் கடைசியில் ஏதோ ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள்.

கீழே சிறிபால முதலாளிக்கும் இது பெரிய புதிராக இருந்தது. படியில் இறங்கும்போதெல்லாம் "ஜனா மஹத்தயா, தாம வெட பட்டன் கத்தே நெத்த?" என்று கேட்பார், ஜனா ஐயா, இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லையா என்று. அதற்கு ஜனார்த்தனன் சரளமான சிங்களத்தில் சந்தா முறைக்கும் ஒரே தடவை வாங்கும் முறைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவார். முதலாளி பாவம், அடுப்பில் பாண் கருகுகிறது என்று ஓடிவிடுவார். கருகியிருக்காது.

இதற்கிடையில் ஜனார்த்தனனின் புகழ் பரவிக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். படவரைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் எந்த மென்பொருளைப் பற்றி யார் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். குருவிட்டயிலிருந்து கேட்பார்கள், யட்டியாந்தோட்டையிலிருந்து கேட்பார்கள். எது எந்தக் கோப்பைத் திறக்கும், எது பழைய கணினியில் ஓடும், எது அச்சடிக்கும்போது கழுத்தறுக்கும், எல்லாம் விரல்நுனியில். ஒரு நாள் பிரேமலதா போன் எடுத்தாள். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வகுப்பு. நில அளவையாளர் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டுப் பெல்மதுளையில் தனியாகத் தொழில் தொடங்கப் போகிறவள்.

"ஜனா, வெல கொறைவா ஒண்ணு சொல்லேன். வீட்டுப் ப்ளான் போடத்தான், வேற ஒண்ணுமில்ல."

அவள் கேட்டது ஒரு பெயர். கிடைத்தது ஒரு பிரசங்கம். மென்பொருளின் வரலாறு, வகை, குணம், குற்றம் என்று அவர் பேசப்பேச அவள் அந்தப் பக்கம் சோறு வடித்து, குழம்பு தாளித்து இறக்கியதும் கேட்டது.

"சரி, மொதல்ல ஒண்ணு சொன்னியே, குட்டியோ என்னமோ. அதுல செவுரு வரையலாமா?"

"வரையலாம், ஆனா அம்புக்குறி…"

"கதவு, ஜன்னல்?"

"அதெல்லாம் வரும். ஆனா பிரேமா, அம்புக்குறியோட பருமன…"

"போதும்ப்பா. ரொம்ப தேங்க்ஸ்."

அறிவீனம் என்று ஜனார்த்தனன் தலையை ஆட்டிக்கொண்டார். முதலில் பார்த்ததையே வாங்குகிறவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் ஜமால்தீன் நாநா வருவது நின்றது. காரணம் பிரஷாந்தினி மூலமாகத்தான் தெரிந்தது. பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நின்றவளிடம் றிப்தாவே வந்து, வீட்டுக்குக் கீழ்த்தளச் சுவரெல்லாம் எழும்பியாயிற்று டீச்சர், பெல்மதுளை பிரேமா அக்காதான் படம் போட்டுத் தந்தாங்க என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். பிரஷாந்தினி வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"என்னாங்க, நாநா வீட்டுப் படம் பிரேமா போட்டிருக்காங்களாமே?"

"போட்டிருக்கலாம்." அவர் போன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுல போட்டாங்கன்னு றிப்தா சொன்னாளா?"

பிரஷாந்தினி சத்தம் போடுகிறவள் இல்லை. நாற்பது பிள்ளைகளைப் பார்வையாலேயே அடக்குகிறவள். அந்தப் பார்வை இப்போது புருஷன் மேல் விழுந்தது.

"ஒங்க பழைய சார் நேத்து எனக்குப் போன் பண்ணினாரு. கதிரை இன்னும் காலியாத்தான் இருக்காம், எப்ப வருவீங்கன்னு கேக்குறாரு. ஒங்ககிட்டயும் கேட்டாராமே, 'பாத்துட்டுச் சொல்றேன்'னீங்களாம்?"

"ஆமா, சும்மா…"

"எதையெல்லாம்தாங்க பாப்பீங்க? நீங்க வீட்டுல இருக்கணும்னுதான் இவ்வளவு நாளும் நான் வாயத் தொறக்கல. திரும்பக் கொழும்புக்குப் போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. பாப்பாவுக்கு நான் மெல்லமாச் சொல்லிப் பழக்கணும்."

சுருக்கென்று தைத்தது. அடுத்த நாள் அறைக்குப் போனார், கணினியைப் போடவில்லை. ஜன்னல் வழியே பஸ் நிலையத்தைப் பார்த்தார். கொழும்பு பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அதில் தான் வழக்கமாக உட்காரும் பக்கத்தைத் தன் கண் தேடுவதை உணர்ந்ததும் பயம் வந்துவிட்டது. தெருவில் இறங்கி நடந்தார். கால் தானாகவே நாநாவின் புடைவைக் கடைக்குப் பின்னால் போயிற்று.

எதற்குப் போனார்? வருத்தம் தெரிவிக்க என்று அவர் சொல்வார். நம்பாதீர்கள். பிரேமலதா எந்த மென்பொருளில் வரைந்தாள் என்று வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத்தான் போனார். தேர்வாளரின் நெஞ்சில் ஈட்டி பாய்ந்திருந்தாலும், அது எந்தக் கம்பெனி ஈட்டி என்று பார்த்துவிட்டுத்தான் விழுவார்.

கீழ்த்தளச் சுவர்கள் எழும்பி, மாடித் தளத்துக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்திருந்தது. மறுநாள் காலையில் கொங்கிரீட் போடுகிறார்கள். ஜமால்தீன் நாநா முகம் கோணாமல் வரவேற்றார்.

"வாங்க தம்பி, கோவிச்சிக்கிடாதீங்க. கலியாண நாள் நெருங்கிட்டு. என்னால காத்திரிக்க ஏலாமப் போச்சி."

"அய்யய்யோ, தப்பு என்மேலதான் நாநா. படத்த ஒருக்கா பாக்கலாமா?"

மேசன் வேலு பாஸ் சீமெந்து மூட்டையின் மேல் விரித்து வைத்திருந்த வரைபடத்தைக் கொடுத்தார். ஜனார்த்தனன் முகத்துக்குக் கிட்டப் பிடித்து, அளவுகளின் ஓரத்திலிருந்த அம்புக்குறிகளை ஆராய்ந்தார். தடித்த, பருமனை மாற்ற முடியாத அம்புக்குறி. குட்டியேதான்! 'நான் சொன்னேனே' என்று உள்ளுக்குள் ஒரு அற்ப மகிழ்ச்சி குதித்தது. அந்த அம்புக்குறி மாடிப்படியின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தது. கண் அம்புக்குறியிலிருந்து படிக்கு நழுவியது. படியிலிருந்து, அதற்கு மேலே குறுக்கே போகிற பீமுக்கு ஏறியது. அங்கேயே நின்றது.

மகிழ்ச்சி போய்விட்டது. காகிதத்தை மடித்து நிமிர்ந்து, பலகை அடித்திருந்த உண்மையான பீமைப் பார்த்தார்.

"வேலு பாஸ், டேப் குடுங்க."

தரையிலிருந்து படிகளின் உயரத்தைச் சுவரில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனார். பாதிப் படி ஏறிய இடத்திலிருந்து பீமின் அடிவரை டேப்பைப் பிடித்தார். இன்னொரு தடவை பிடித்தார்.

"நாநா, மருமகன் என்ன ஒசரம்?"

"நல்ல ஒசரம் தம்பி, ஆறடிக்குக் கிட்ட. ஏன் கேக்கிறீங்க?"

"அப்ப இந்த எடத்துல தெனமும் பீமுக்குக் குனிஞ்சு மரியாதை குடுத்துட்டுத்தான் மேல போகணும். மறந்தாருன்னா நெத்தி ஒடையும். புள்ளயத் தூக்கிட்டு எறங்குனா புள்ள தலை இடிக்கும்."

நாநாவின் முகம் வெளுத்தது. வேலு பாஸ் தானே படியில் ஏறி நிற்கிற மாதிரி ஒரு பலகையில் ஏறிப் பார்த்து, "மாத்தயா சொல்றது சரிதான்" என்றார். உடனே பிரேமலதாவுக்குப் போன் போனது. ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டேப்பை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். சாக்குப்போக்குச் சொல்லவில்லை.

"என் பிழைதான். மண் சரிவுக்காகச் செவுரத் தள்ளச் சொன்னாங்க. பீமையும் சேத்துத் தள்ளினேன், படிய விட்டுட்டேன். இப்ப என்ன செய்றது ஜனா? பீமத் தொட்டா எல்லாத்தையும் கழட்டணும், கலியாணத்துக்கு வீடு முடியாது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கொழும்பு அலுவலகத்தில் கதிரைகள் திரும்புமே, அந்த மாதிரி. இப்போது ஜனார்த்தனன் என்ன செய்திருக்க வேண்டும்? தேர்வாளர் தர்மப்படி, இதை எதில் வரைந்து காட்டுவது உத்தமம் என்று ஆராயப் போயிருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. காலடியில் ஒரு உடைந்த செங்கல் துண்டு கிடந்தது. எடுத்தார். பூசாத சுவரில் கிறீச்சென்று ஒரு கோடு இழுத்தார்.

"பீமத் தொடவே வேணாம். படிய இன்னும் உள்ளுக்குத் தள்ளி, பீமுக்குக் கீழயே மொதல் படிய வச்சிருங்க. அங்க நிக்கிறவன் தரையிலதான் நிக்கிறான், தலை இடிக்காது. நேராப் போயி அந்தச் செவுத்துல முட்டுற எடத்துல ஒரு சின்னத் தட்டு. தட்டுல திரும்பி மிச்சப் படிய இந்தப் பக்கமா மேல ஏத்துங்க. அதுக்குத் தளத்துல படிக்குன்னு விட்ட வாசல மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் அகலமாக்கணும்."

பேசிக்கொண்டே வரைந்தார். சுவரில் செங்கல் பொடி உதிர, படி படியாக மாடிப்படி எழுந்தது. தட்டு வந்தது, திருப்பம் வந்தது, கைபிடியும் வந்தது, ஏறிப் போகிற ஒரு உயரமான மாப்பிள்ளையும் வந்தார். அந்த மாப்பிள்ளையின் தலைக்கும் பீமுக்கும் நடுவே தாராளமாக வெளி இருந்தது. பிரேமலதா, கம்பிக் கணக்குப் போட்ட இன்ஜினியரைப் போனில் பிடித்துச் சுவரையே படமெடுத்து அனுப்பினாள். ஓரத்தில் இன்னும் இரண்டு கம்பி சேர்த்தால் போதும், செய்யலாம் என்று பதில் வந்தது. வேலு பாஸின் ஆட்கள் அந்த நேரமே வாசல் ஓரத்துப் பலகையை மட்டும் கழற்றத் தொடங்கினார்கள்.

"இதப் படத்துலயும் மாத்தி வைக்கணும்" என்றாள் பிரேமலதா. "சபையில இருந்து ஆள் வந்து 'ப்ளான் எக்க கோ', ப்ளான் எங்கன்னு கேட்டா செவுத்தயா காட்டுறது? வா, என் ஆபீசுக்குப் போவோம். நீயே வரைஞ்சிரு."

"குட்டியிலயா? பிரேமா, அதுல அம்புக்குறி…"

"ஜனா. ஒக்காரு. வரை."

உட்கார்ந்தார். வரைந்தார். திரையின் பின்புலம் வெறும் வெள்ளை. எல்லாக் கோடும் ஒரே நிறம். அவருக்கு அது தெரியவேயில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்த விரல்கள் தாமாக ஓடின. இடையில் பிரேமலதா கொண்டுவைத்த தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. அச்சு இயந்திரத்திலிருந்து தாள் சூடாக வெளியே வந்தபோதுதான் நிமிர்ந்தார். ஒரு வீடு. கதவு, ஜன்னல், படியோடு ஒரு முழு வீட்டின் படம். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட வேலை குமிஞ்சு கெடக்கு" என்றாள் பிரேமலதா, ஸ்கூட்டர் சாவியைத் தேடியபடி. "படின்னா எனக்குப் பயம், ஒனக்குக் கை வந்த கலை. சேந்து செய்வோமா?"

"பா…" என்று தொடங்கினார். 'பாத்துட்டுச் சொல்றேன்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"செய்வோம்."

படியிறங்குமுன்னே கொழும்புக்குப் போன் எடுத்தார். "சார், நான் வரல சார். இங்க வேலை இருக்கு" என்றார். அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், முடிவுதான்." வீட்டுக்கு வந்து பிரஷாந்தினியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் நம்பவில்லை, வரைந்த படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினார். அவள் பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு திரும்பி நின்று அடுப்பைக் கவனிக்கிற பாவனையில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

றிப்தாவின் கல்யாணம் நடந்தது. மருமகன் நிமிர்ந்த தலையோடு மாடி ஏறுகிறார். குருவிட்டயிலிருந்து, இறக்குவானையிலிருந்து எல்லாம் மாடிப்படி வரையச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். பேக்கரி மாடிப் பலகையில் இப்போது இரண்டு பெயர்.

ஜனார்த்தனன் குணமாகிவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த வியாதிக்குக் குணம் என்று ஒன்று கிடையாது, இடம் மாறும், அவ்வளவுதான். அலுவலகத்துக்கு இரண்டாவது கதிரை ஒன்று வாங்க வேண்டும் என்று பிரேமலதா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். முதுகெலும்பைத் தாங்குகிற கதிரையா, தலையையும் தாங்குகிற கதிரையா, வலைத்துணியா, ரெக்ஸினா, அவிசாவளையில் வாங்குவதா, கொழும்பிலா என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. முடிவாகும்வரை அவர் சீமெந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து வரைகிறார். வரைகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். பிரேமலதாவுக்கு அது போதும்.

நல்லவேளை, நாம் இப்படியில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போகிறீர்கள். போகலாம். போகுமுன் ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு தூரம் படித்துவிட்டு, 'இதெல்லாம் சரி, அந்தக் குட்டி என்கிற மென்பொருளின் உண்மையான பெயர் என்ன, என்ன விலை, எங்கே கிடைக்கும், அதைவிட நல்லதாக வேறு ஏதாவது உண்டா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்று மனதின் மூலையில் ஒரு சின்ன எரிச்சல் எட்டிப் பார்க்கிறதா?

பார்க்கிறதா?

அப்படியானால், வாருங்கள். கவிழ்த்துப் போட இன்னொரு வாளி இருக்கிறது. ஆனால் இந்த வாளியா, அந்த வாளியா என்று மட்டும் யோசிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.